பங்கீட்டுக் குழுவுக்கு ஒரு மனு

நவம்பர் 4, திங்கள்

இன்றைக்கு யாரையாவது நன்றாக ஏசவேண்டும் போலிருந்தது. ஆள் கிடைக்கவில்லை. அடிப்பிடித்த குக்கரை எடுத்து வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தேன்.

காலையில் வட்டார அலுவலகத்தில் கூட்டம். பனையூரணி துணை சுகாதார நிலையத்தைத் தாதன்குளம் நிலையத்தோடு 'சேர்க்கும்' யோசனை மேலே போயிருக்கிறதாம். சேர்ப்பது என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த தமிழில் அதற்கு மூடுவது என்று பெயர். ஐயாயிரம் பேருக்கு ஒரு நிலையம் என்பது விதி. என் எல்லையில் மூவாயிரத்து இருநூற்று நாற்பது பேர்தான் இருக்கிறார்கள். பிரசவ அறைச் சுவரில் விரல் நுழையும் விரிசல். புதுக் கட்டடம் கேட்டு நாலு வருடமாக எழுதுகிறேன். நாலு வருடமாக ஒரே பதில், நிதி இல்லை. ஏன் இல்லை என்றால் தில்லியிலிருந்து வரவேண்டிய பங்கு குறைந்துவிட்டது என்கிறார்கள். புதுக் கட்டடம் கட்டுவதைவிட மூடிவிடுவது சிக்கனமாம்.

தாதன்குளம் பதினோரு கிலோமீட்டர். ஒரே பஸ், அதுவும் இரண்டு வேளை. நடுவில் ஓடை. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வந்தால் அந்தப் பஸ்ஸும் கிடையாது. போன வருடம் ஆம்புலன்ஸ் வந்து சேருவதற்குள் நாலு குழந்தை இங்கேயே பிறந்தது. விரிசல் விட்ட அந்த அறையில்தான், என் கையில்தான். இதையெல்லாம் எழுந்து நின்று சொன்னேன். "சிஸ்டர், உங்களுக்கு ஜனவரியில ரிட்டயர்மெண்ட்தான?" என்று கேட்டார் மருத்துவ அலுவலர். நான் கேட்டதற்கு அது பதிலா? உட்கார்ந்துவிட்டேன்.

நவம்பர் 6, புதன்

தடுப்பூசி நாள். வந்தது மூன்று குழந்தைகள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் புதன்கிழமை என்றால் வேப்பமரம் வரைக்கும் வரிசை நிற்கும், ஊசி போட்டுப் போட்டுக் கட்டைவிரல் மரத்துப்போகும். இன்றைக்குப் பத்தரை மணிக்கே எல்லாம் முடிந்து, ஐஸ் பெட்டியைத் துடைத்துக் கவிழ்த்தாகிவிட்டது.

புள்ளியியல் ஆய்வாளர் கோமதிநாயகம் பைக்கில் வந்து இறங்கினான். வட்டாரத்தில் எனக்குப் பிடித்த ஒரே ஆள் அவன். நாற்பது வயதாகிறது, இன்னும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஒரு சேதி கொண்டுவந்தான். நாடு முழுக்க வசூலாகும் வரியில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் பங்கீட்டுக் குழு தில்லியிலிருந்து மாவட்டத்துக்கு வருகிறது. அவர்களுக்குக் காட்டுவதற்கு மூன்று இடம் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்று என் நிலையமாம். மக்கள் தொகையைக் கட்டுப்படுத்திய மாதிரி கிராமம்.

மூடப்போகிற கடையைத்தான் காட்சிக்கு வைக்கிறீர்களா என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே பங்கு பிரிக்கும் கணக்கைச் சொன்னான்.

"அக்கா, ஆளு கூட இருந்தா பங்கு கூட. ஏழையா இருந்தா இன்னும் கூட. நாம ரெண்டு பாடத்துலயும் பாஸாயிட்டோம். அதான் பெயிலு."

பாஸ் பண்ணச் சொன்னது யார் என்று கேட்டேன். பிள்ளைப்பேற்றைக் குறைத்ததற்கும் கொஞ்சம் மார்க் உண்டாம், விளையாட்டு விழாவில் கடைசியில் வருகிறவனுக்கு டிபன் பாக்ஸ் கொடுப்பார்களே, அந்த மாதிரி. ஆள்கணக்கில் போவதை அது ஈடுகட்டாதாம். அவன் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தொண்ணூறுகளில் மாதத்துக்கு எட்டு 'கேஸ்' எனக்கு இலக்கு. கேஸ் என்றால் கர்ப்பத்தடை ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் பெண். மார்ச் மாதத்துக்குள் எண்ணிக்கை தேறாவிட்டால் சம்பளத்தை நிறுத்தி வைப்பார்கள். சிவப்பு முக்கோணம் வரைந்த பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். கணவன்மார் நாயை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். ஒரு மாமியார் சாணித் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். அதையெல்லாம் பட்டு இந்த ஊரை இரண்டு பிள்ளைக்குக் கொண்டுவந்தேன். சொன்னதைக் கேட்டவன் கெட்டான் என்றால் இதுதான்.

இரும்புச்சத்து மாத்திரை இருப்பு: 1,900. துணி துவைக்கவில்லை.

நவம்பர் 9, சனி

இரண்டு பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட ஒரு பயனாளி குழு முன்னால் இரண்டு நிமிடம் பேசவேண்டுமாம். ஐந்து பெயர் எழுதிக் கொடுத்தேன். மாவட்டத்தில் என் பழைய பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டிவிட்டு, முதல் வருடத்து ஆள் ஒருத்தி இருந்தால் நன்றாக இருக்கும், பேச்சிக்கனி என்று ஒரு பெயர் இருக்கிறதே, அவர் உயிரோடு இருக்கிறாரா என்று போனில் கேட்கிறார்கள்.

இருக்கிறாள், ஆனால் முழங்கால் வலி, நிற்கமுடியாது என்று சொன்னேன்.

நவம்பர் 11, திங்கள்

பேச்சிக்கனி இன்று பிரஷர் மாத்திரை வாங்க வந்தாள். காட்டில் களை எடுத்துவிட்டு அப்படியே வந்திருக்கிறாள். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. நிலையத்தை மூடப்போகிற சேதி ஊருக்குள் பரவிவிட்டது. இனிமேல் மாத்திரைக்குத் தாதன்குளம் போகவேண்டுமென்றால் ஒரு நாள் கூலி போகும் என்று கணக்குச் சொன்னாள். தில்லிக்காரர்கள் வருவதும் தெரிந்திருக்கிறது. தலையாரி சொல்லியிருப்பான், அவன் வாய்க்குப் பூட்டே கிடையாது.

"நான் பேசுதேன் நர்சம்மா. எம்பேரத்தான கேட்டிருக்காக?"

வேண்டாம், வெயிலில் நிற்கவேண்டியிருக்கும் என்றேன். இவ்வளவு நேரம் வெயிலில்தான் நின்றுவிட்டு வருகிறேன் என்றாள். என்ன பேசுவாய் என்று கேட்டதற்கு, உள்ளதைச் சொல்லுவேன் என்று சொல்லிவிட்டு மாத்திரை அட்டையை மடியில் முடிந்துகொண்டு போய்விட்டாள். பெயரைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஏனோ நாள் முழுக்க எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். பால்காரன் என்ன பாவம் செய்தான்?

நவம்பர் 13, புதன்

மழை. தடுப்பூசிக்கு ஒரு குழந்தை. பிரசவ அறையில் மூன்று வாளி வைத்தேன்.

நவம்பர் 16, சனி

நாலு வருடமாக வராத பெயிண்ட் இன்று வந்தது. நாலு வருடமாக வராத எலெக்ட்ரீஷியனும் வந்தான். ரோட்டில் குழிக்கெல்லாம் கிராவல், சாக்கடை ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர். பெரிய மனிதர் வருகிறார் என்றால் நம் ஆட்களுக்குத் தெரிந்த ஒரே சடங்கு வெள்ளையடிப்பது. கலெக்டர் வந்தாலும் அதுதான், மந்திரி வந்தாலும் அதுதான், பணம் கேட்கப் போகிற இடத்திலும் அதுதான். பிரசவ அறை விரிசல் மேல் 'சிறு குடும்பம் சீரான வாழ்வு' என்று ஒரு பிளெக்ஸ் பேனரை ஆணி அடித்து மாட்டிவிட்டார்கள். அடித்த அடியில் விரிசல் இன்னும் ஒரு சாண் நீண்டது.

கோமதிநாயகம் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான்.

"இல்லாததக் காட்டித்தானக்கா துட்டுக் கேக்கணும்? இருக்கிற மாதிரி காட்டுனா எவன் தருவான்?"

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மேஸ்திரியைப் பிடித்து ஏசினேன். அவன் எனக்கு வந்த உத்தரவு என்றான்.

ஆனால் ஒன்று எழுதிவிடுகிறேன். கட்டிலுக்கு வீட்டிலிருந்து புது விரிப்பு கொண்டுபோனேன். ஜன்னலுக்கு நம் வீட்டு ஹாலில் கிடந்த பூப்போட்ட திரைச்சீலை. வாளிகளைப் பின்கட்டில் ஒளித்து வைத்தேன். முப்பத்து நாலு வருடம் நான் வைத்திருந்த நிலையத்தை யாரும் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்கக்கூடாது. அவ்வளவுதான். அதுவும் இதுவும் ஒன்றில்லை.

என் வீட்டுக்காரர் திரைச்சீலையைக் காணாமல் கேட்டார். சொன்னேன். துறைமுகத்தில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவர், அரசாங்கம் என்றால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

"பென்சன் பேப்பர் போயிருக்கு ஞானம். ரெண்டே மாசம். வாய வச்சுக்கிட்டு சும்மா இரு."

நவம்பர் 18, திங்கள்

யூனிபார்ம் சேலைக்குக் கஞ்சி போட்டேன். நாளை பத்தரைக்கு.

நவம்பர் 19, செவ்வாய்

பத்தரைக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஒன்றே கால் மணிக்கு வந்தார்கள். பதினாறு வண்டி. பிள்ளைத்தாய்ச்சிகள் இரண்டு பேரைக் காலை எட்டு மணியிலிருந்து உட்கார வைத்திருந்தார்கள். ஒருத்திக்குத் தலை சுற்றி, மோர் வாங்கிக் கொடுத்தேன்.

குழுவில் நாலு பேர். மூன்று ஆண்கள் பேனரைப் பார்த்தார்கள், எடை மெஷினைப் பார்த்தார்கள், இளநீர் குடித்தார்கள். நாலாவது ஓர் அம்மாள், வடக்கே எங்கேயோ ஒரு மாநிலத்தவர், பருத்திச் சேலை, என் வயதுதான் இருக்கும். அவர் மட்டும் நேராக என்னிடம் வந்து பிரசவப் பதிவேட்டைக் கேட்டார். போன மாதம் எத்தனை பிறப்பு என்றார். எல்லையில் மொத்தம் இரண்டு என்றேன். அவர் பதிவேட்டை மூடினார். தன் ஊரில் ஒரு நர்ஸுக்குப் பன்னிரண்டாயிரம் பேர், மாதம் முப்பது பிரசவம், கட்டடமே கிடையாது, பள்ளிக்கூட வராந்தாவில் ஊசி போடுகிறார்கள் என்று மெதுவான ஆங்கிலத்தில் சொன்னார். திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்தார். உங்களிடம் எல்லாம் இருக்கிறது, நீங்கள் அதிர்ஷ்டசாலி என்றார்.

நம் வீட்டுத் திரைச்சீலை. இரண்டு ஜன்னலுக்கு எழுநூறு ரூபாய்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அங்கேயும் ஒரு ஞானதீபம் வராந்தாவில் கட்டைவிரல் மரக்க நின்றுகொண்டிருப்பாள். அவள் பிள்ளைகளுக்கும் ஊசி வேண்டும். அவளுக்குக் கொடு, வேண்டாமென்று யார் சொன்னது? என் கூரையைப் பிடுங்கி அவள் வராந்தாவில் போட்டால்தான் கணக்கு நேராகுமா? யாரை ஏசுவது என்று தெரியாத கோபம் மாதிரி உடம்புக்குக் கெடுதல் வேறு இல்லை.

பிறகு பேச்சிக்கனி. புதுச் சேலை கட்டி வந்திருந்தாள். சென்னையிலிருந்து வந்த ஓர் அதிகாரி, கோட்டுப் போட்டவர், மொழிபெயர்க்க நின்றார். அவள் பயப்படவில்லை. தெருவில் தண்ணீருக்கு நிற்கிறவளிடம் பேசுகிற மாதிரி அந்த அம்மாளைப் பார்த்துப் பேசினாள். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கு ரெண்டு பிள்ள. ரெண்டோட நிறுத்துன்னாக, நிறுத்திட்டேன். அதுல ஒண்ணு செத்துப்போச்சு. இப்ப ஊருல ஆளு கொறைஞ்சு போச்சுன்னு இந்த ஆஸ்பத்திரிய மூடப் போறாகளாம். ஆளக் கொறைக்கச் சொன்னதும் கவருமெண்டுதான், ஆளு கொறைஞ்சுதுன்னு துட்டக் கொறைக்கதும் கவருமெண்டுதான். நான் எங்க போயிக் கேக்க?"

அதிகாரி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இந்தப் பெண்மணி இரண்டு குழந்தைகளோடு நிறுத்திக்கொண்டார், அதனால் குடும்பம் மகிழ்ச்சியாக இருக்கிறது, இந்த மருத்துவமனை என்றும் இப்படியே சேவை செய்யவேண்டும் என்று விரும்புகிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மாள் முகம் மலர்ந்து கைதட்டினார். உடனே எல்லாரும் தட்டினார்கள்.

பேச்சிக்கனி என் பக்கம் திரும்பி, "எதுக்கு நர்சம்மா கை தட்டுதாக?" என்று கேட்டாள்.

உட்கார், பிறகு சொல்கிறேன் என்றேன்.

நான் என்ன செய்யமுடியும்? மைக் என் கையில் இல்லை. எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துபோயிற்று.

நவம்பர் 20, புதன்

தடுப்பூசி நாலு. பேப்பரில் படம் வந்திருக்கிறது. 'தில்லிக் குழுவுக்கு நன்றி கூறிய கிராமத்துப் பெண்.' பேச்சிக்கனி நன்றி கூறினாளாம். பேப்பரைக் கிழித்து அடுப்புத் திட்டுக்கு விரித்தேன்.

கோமதிநாயகம் வந்தான். அவனுக்கும் கோபம், ஆனால் அவன் கோபம் வேறு மாதிரி. சென்னையில் அரசு அந்தக் குழுவிடம் ஒரு புத்தகமே கொடுத்திருக்கிறதாம், நூற்றுச் சொச்சம் பக்கம், கலர் கலராகக் கட்டங்கள். பேச்சிக்கனி சொன்னதேதான் அதிலும் இருக்கிறது. மக்கள் தொகையைக் குறைத்ததற்கு எங்களைத் தண்டிக்காதீர்கள் என்று.

"அதே பேச்சுத்தானக்கா. புஸ்தகத்துல போட்டா புள்ளிவிவரம். பேச்சிக்கனி சொன்னா பிரச்சினை."

அந்த அதிகாரிக்கு என்ன பயம்? மாதிரி கிராமத்தில் ஒருத்தி அழுதால் படம் கெட்டுப்போகும் என்ற பயம். தன் வழக்குக்குச் சாட்சி தானாக வந்து நிற்கும்போது சாட்சியின் வாயைப் பொத்துகிறவனை எந்த ஊரில் பார்ப்போம்? கோமதிநாயகம் போனபிறகும் பத்து நிமிடம் தனியாக அந்த ஆளை ஏசிக்கொண்டிருந்தேன்.

பேச்சிக்கனி வரவில்லை. வரவேண்டிய நாளும் இல்லை.

நவம்பர் 22, வெள்ளி

மைக் என் கையில்தான் இருந்தது.

அவளுக்கு மைக்கைப் பிடிக்கத் தெரியாது என்று நான்தான் அவள் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பேசி முடித்தபோதும், அந்த ஆள் பொய் சொன்னபோதும், எல்லாரும் கைதட்டியபோதும் என் கையில்தான் இருந்தது. எனக்கு ஆஸ்பத்திரி ஆங்கிலம் தெரியும். 'நோ மேடம், ஒன் சைல்ட் டெத்' என்று சொல்ல ஐந்து வார்த்தை போதும். நான் பென்சனை நினைத்தேன். இல்லை, அதுவும் முழு உண்மை இல்லை. செத்த பிள்ளை என்ற பேச்சு வந்தால், அடுத்த கேள்வி என்ன வரும் என்று நினைத்தேன்.

பையன் பெயர் அய்யாத்துரை. நான் பேச்சிக்கனி வீட்டுக்குப் போனபோது அவனுக்குப் பதினோரு மாதம். மூத்தது பெண், மூன்று வயது. அவள் இன்னும் இரண்டு வருடம் போகட்டும், பையன் தேறட்டும் என்றுதான் சொன்னாள். அது மார்ச் மாதம். எனக்கு இன்னும் ஒரு கேஸ் குறைந்தது. ஒரு வயதாவது ஆகாத பிள்ளை இருந்தால் அவசரப்படக்கூடாது என்று படிப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியும். ஐந்து நாள் தொடர்ந்து போனேன். பிள்ளைக்கு நான் பொறுப்பு, ஒன்றும் ஆகாது என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னேன். ஆறாம் நாள் ஜீப்பில் ஏறினாள்.

அய்யாத்துரைக்கு ஆறு வயதில் காய்ச்சல் வந்தது. ஓடையில் தண்ணீர். மூன்றாம் நாள் போய்விட்டான்.

அதற்கு அடுத்த வருடம் அவள் நிலையத்துக்கு வந்து, கட்டியதை அவிழ்த்து மறுபடி சேர்க்க ஆபரேஷன் உண்டாமே, நர்சம்மா, என்று கேட்டாள். அவளுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. மதுரையில் பெரியாஸ்பத்திரியில் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கவேண்டும். அதெல்லாம் சரிவராது என்று சொல்லி அனுப்பினேன். எந்த டாக்டரையும் நான் கேட்கவில்லை. சீட்டில் காரணம் எழுதவேண்டும், பிள்ளைக்கு எத்தனை மாதத்தில் ஆபரேஷன் ஆயிற்று என்று எழுதவேண்டும். அதனால் எழுதவில்லை.

இத்தனை வருடத்தில் அவள் ஒரு வார்த்தை என்னைச் சொன்னதில்லை. அது எனக்கு ஆத்திரமாகக்கூட இருந்திருக்கிறது.

இன்று சமைக்கவில்லை. அவர் ஓட்டலில் வாங்கிவந்தார்.

நவம்பர் 25, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. ஜனவரி ஒன்று முதல் பனையூரணி, தாதன்குளத்தோடு. தளவாடங்களைப் பட்டியலிட்டு ஒப்படைக்கவேண்டும். 'சிறப்பான செயல்பாட்டுக்கு'ப் பாராட்டுச் சான்றிதழும் அதே உறையில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். தபால் செலவு மிச்சம்.

கோமதிநாயகத்துக்குப் போன் செய்து கத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னான். பங்கீட்டுக் குழுவுக்கு டிசம்பர் மூன்று வரை எழுத்து மூலமாக யாரும் மனு அனுப்பலாமாம். இந்த ஒரு நிலையத்துக்காக அவர்கள் கணக்கை மாற்றமாட்டார்கள். ஆனால் வருகிற மனுவை எல்லாம் பதிவு செய்தாகவேண்டும், அந்த அம்மாள் படிப்பார், அந்த மனுவின் நகலை வைத்து இங்கே கலெக்டரிடம் உத்தரவை நிறுத்தி வைக்கக் கேட்கலாம் என்றான். ஒரு முழம் கயிறு. இருந்தாலும் கயிறு.

"நீங்க எழுதாதீக அக்கா. வேலையில இருக்கிறவுக எழுதுனா நடத்தை விதியில பிடிச்சிருவாக. பொதுஜனம் யாராவது எழுதட்டும்."

வீட்டில் அவரும் அதையே சொன்னார். மெமோ கொடுத்தால் பென்சன் நிற்கும், மகள் வீட்டுக் கடனுக்கு நான் பங்கு தருவதாகச் சொல்லியிருப்பது என்ன ஆகும் என்றார். நியாயமான கேள்வி.

அதனால் பேச்சிக்கனி பெயரில் எழுதினேன். 'பனையூரணியில் வசிக்கும் பேச்சிக்கனி ஆகிய நான்' என்று தொடங்கி இரண்டரைப் பக்கம். நன்றாக வந்தது. அவள் அன்றைக்குச் சொன்னதை அவள் சொன்னபடியே போட்டேன். அந்த அதிகாரி பொய் சொன்னதையும் போட்டேன். ஓடை, பஸ், நாலு பிரசவம் எல்லாம் போட்டேன். மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நவம்பர் 27, புதன்

தடுப்பூசி முடிந்து, பேச்சிக்கனி வீட்டுக்குப் போனேன். வாசலில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள், வீட்டில் இவள் மட்டும்தான். உட்காரச் சொல்லி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அன்றைக்கு ஏன் கைதட்டினார்கள் என்று இப்போதுதான் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே உளுந்தைக் கிளறினாள். அப்படியாக்கும் என்றாள்.

மனுவை வாசித்தேன். முழுதும் கேட்டாள். கையெழுத்துப் போடத் தெரியும், அறிவொளியில் படித்தவள். பேனாவைக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"இதுல உங்க பேரு எங்க இருக்கு நர்சம்மா?"

நான் அரசாங்க வேலையில் இருக்கிறேன், எழுதக்கூடாது, விதி இருக்கிறது என்றேன்.

"அன்னைக்கும் ஒரு தாளு கொண்டாந்தீக. ஜீப்புல வச்சு நீட்டுனீக. அதுலயும் எம்பேரு மட்டுந்தான் இருந்துச்சு. என்ன ஆனாலும் எம்பொறுப்புன்னு எழுதி இருந்துச்சாம், பெறகு எம்மக படிச்சுச் சொன்னா. உங்க பொறுப்புன்னுல்லா எந்தலையில கைய வச்சுச் சொன்னீக?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. உளுந்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். தில்லி மேல் கோபம், சென்னை மேல் கோபம், மேஸ்திரி மேல், பால்காரன் மேல், இந்த மாதம் முழுக்க நான் பட்ட கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. காப்பி போட்டுத் தந்தாள். குடித்தேன். கையெழுத்தில்லாத மனுவைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நவம்பர் 28, வியாழன்

அரை நாள் விடுப்பு. அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். பென்சன் போனால் என்ன செய்வாய் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார். திரும்பி வந்து, நகல் எடுத்து வைத்துக்கொள் என்று மட்டும் சொன்னார்.

புதிதாக எழுதினேன். ஒன்றரைப் பக்கம்தான்.

'கிராம சுகாதார செவிலியர் ஞானதீபம் ஆகிய நான் எழுதுவது. உங்கள் கணக்கில் எங்கள் ஊரில் ஆள் குறைவு. அந்தக் குறைவில் ஒருவன் பெயர் அய்யாத்துரை. இருந்திருந்தால் அவனுக்கு இப்போது முப்பத்து நாலு வயதாகியிருக்கும், அவனுக்கும் இரண்டு பிள்ளை இருந்திருக்கும். அவன் தாய்க்குப் பதினோரு மாதப் பிள்ளை இருக்கும்போதே ஆபரேஷன் செய்ய வைத்தது நான். இலக்கு கொடுத்தது அரசாங்கம். நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து அவள் தலையில் கைவைத்துப் பொறுப்பு என்று சொன்னோம். இன்றைக்கு ஆளில்லை என்று அவள் பங்கைக் குறைப்பது எந்த நியாயத்தில்?' பிறகு ஓடை, பஸ், நாலு பிரசவம், விரிசலை மறைத்த பேனர், என் வீட்டுத் திரைச்சீலை, என் கையில் இருந்த மைக். கீழே என் பெயர், பதவி, பணி எண். கையெழுத்துப் போட்டேன்.

பிற்பகல் பஸ்ஸில் பேச்சிக்கனி வீட்டுக்குப் போனேன். வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பையன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். இன்னொரு தடவை என்றாள். அதன் பிறகு தாளை வாங்கித் தொடையில் வைத்து, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.